எதிர்ப்பக்கம் மடித்த இலை

நஞ்சுண்டனுக்கு வெளியில் சாப்பிடுவது என்பதே ஆகாது. கீழ்பவானி வாய்க்கால் பிரிவில் எக்சிகியூட்டிவ் என்ஜினியராக இருந்த காலத்தில், எந்த ஊருக்கு முகாம் போனாலும் பின்னாலேயே வீட்டுச் சாப்பாடு ஜீப்பில் போகும். ஒப்பந்தக்காரர் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்தவர் இல்லை என்று கோபிசெட்டிபாளையத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர், 1999 ஏப்ரலில், அமெரிக்காவின் ஃப்ரீமான்ட்டில் மகன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, சனிக்கிழமை மத்தியானம் எந்த ஓட்டலுக்குப் போவது என்று யோசனை சொல்லவேண்டி வந்தது.

"மௌரி அவென்யூ பக்கம் ஒரு மலேசியன் ரெஸ்டாரன்ட் ஓப்பன் பண்ணியிருக்காங்கப்பா," என்றான் மகன் ஜெயபிரகாஷ். "ஓனரே ஈப்போக்காரர். வாழையிலை போட்டு சர்வ் பண்றாங்க. மச்சானுக்கும் அவங்கம்மாவுக்கும் அவங்க ஊர் மாதிரியே இருக்கும். பேச்சும் ஸ்மூத்தா போகும்."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகள் எழிலரசி திரும்பினாள். "அண்ணா, வேற எங்கயாச்சும் போலாமே. பிட்சாவோ, மெக்ஸிகனோ. இலை போடாத எடமாப் பாருண்ணா."

"மாப்பிள்ளைக்கு அவங்க ஊர்ச் சாப்பாடு போடறதுதான் மரியாதை," என்றார் நஞ்சுண்டன். "உன்ற நாக்கு என்ன கேக்குதுன்னு இங்க யாரும் கேக்கல அம்மிணி."

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். தைக்கவேண்டும் என்றுதான் அவர் அப்படிச் சொன்னார். தைத்தது.

எழிலரசியை மலேசியாவின் ஈப்போவில் கட்டிக்கொடுத்தது நஞ்சுண்டன் தனியாக எடுத்த முடிவு. மாப்பிள்ளை பாலசுப்ரமணியனின் பாட்டன் பெருந்துறைப் பக்கமிருந்து கப்பலேறியவர். லாரி உதிரிபாக வியாபாரம், சொந்த வீடு, ஒரே பையன். 'கடல் தாண்டிப் பொண்ணு குடுக்கணுமா?' என்று தம்பிமார் இழுத்தார்கள். 'நான் விசாரிச்சாச்சு' என்று ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்தார். விசாரித்தது சொத்தையும் குலத்தையும்தான். வேறு எதை விசாரிப்பது என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆறு வருடம் குடித்தனம் நடந்தது. மகிழன் பிறந்தான். போன டிசம்பரில் அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச எழிலரசி ஃப்ரீமான்ட் வந்தாள். 'பையனுக்கு கிண்டர்கார்டன் கெட்டுப்போகும்' என்று சொல்லி மாமியார் பவளம் பேரனை அனுப்பவில்லை. திரும்பும் நாளில் சான்ஃப்ரான்சிஸ்கோ விமான நிலைய வரிசையில் நின்றவள், கடைசி நேரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஏன் என்று எத்தனையோ பேர் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. தாயார் சாந்தாமணியிடம் மட்டும் ஒருமுறை போனில் சொன்னாள்: "அங்க தெனமும் வெளிய சாப்புடறது எனக்கு ஆகலம்மா."

அந்த ஒரு வாக்கியம் கோபிக்குள் எப்படிப் புகுந்ததோ தெரியவில்லை. நஞ்சுண்டனின் அக்காவே போன் செய்து கேட்டாள்: "ஏன்டா தம்பி, ஓட்டல் சோறு ஒத்துக்கலீன்னா உன்ற மவ புருசன உட்டுப்போட்டு வந்துட்டா?" கல்யாண வீடுகளில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. சோற்றுக்காகப் புருஷனை விட்டவளின் அப்பன். வாழ்நாளில் யார் முன்னும் தலை குனியாதவர், பிப்ரவரியில் விசா வாங்கி மனைவியுடன் விமானம் ஏறியது மகளைப் பார்க்க அல்ல, திருப்பி அனுப்ப.

அதற்குத் தோதாக, சான்ஹோசேயில் ஒரு உறவினர் கல்யாணத்துக்குப் பாலசுப்ரமணியனும் அவன் அம்மாவும் மகிழனை ஈப்போவிலேயே விட்டுவிட்டு வந்திறங்கினார்கள். போனில் மாப்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினான். "எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா போதும் மாமா. ஞாயித்துக்கிழமை எங்ககூடவே ஃப்ளைட் ஏறிடலாம். வரலன்னா, பையன மறந்துட வேண்டியதுதான்."

"இது பிளாக்மெயில்ப்பா," என்று குதித்தான் ஜெயபிரகாஷ். "நான் ஒரு லாயர்கிட்ட பேசறேன்."

"நம்ம குடும்பத்துல கோர்ட்டுப் படி ஏறுனவங்க யாருமில்ல. நான் இருக்கற வரைக்கும் ஏறவும் விடமாட்டேன்."

சண்டையை நிறுத்தியது எழிலரசிதான். "நான் போறேன்ப்பா," என்றாள். அன்றைக்கே பெட்டியைக் கட்டி வாசல் கதவருகே வைத்தாள். மகிழனுக்கென்று வாங்கிய சிவப்புத் தீயணைப்பு வண்டி உள்ளே அடங்காமல், ஒரு பையில் தனியாக நின்றது.

*

நஞ்சுண்டன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவர் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே சாந்தாமணி உட்கார்ந்து சாப்பிடுவாள். அவர் அம்மா அப்படிச் சாப்பிட்டாள், பாட்டியும் அப்படியே. கல்யாணமான முதல் நாளிலிருந்து சாந்தாமணியும் மாற்றவில்லை. அவரும் வெறும் இலையை விட்டு எழமாட்டார். இனிப்பில் பாதி, பொரியலில் நல்ல பாகம், கெட்டித் தயிர் என்று ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். அதை அவர் வாயால் அன்பு என்று சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார்.

அமெரிக்காவில் இலை இல்லாததால் தட்டு. அதற்கும் மருமகள் வான்மதி இடம் கொடுக்கவில்லை. அவர் எழுந்த கையோடு, "தட்ட குடுங்க மாமா, டிஷ்வாஷர்ல லோடு பண்ணிடறேன்," என்று வந்துவிடுவாள். சாந்தாமணி அவளுக்கு முந்திக்கொண்டு ஓடிவந்து தட்டைப் பிடுங்கிக்கொள்வாள்.

"இங்க இப்படியெல்லாம் பண்ணாதீங்கம்மா, பாக்கறவங்க தப்பா நினைப்பாங்க," என்பான் ஜெயபிரகாஷ்.

"எவன் பாக்கறான்? கதவு சாத்தித்தான இருக்குது?" என்று சிரிப்பாள் சாந்தாமணி.

எழிலரசி அந்த நேரங்களில் அறையைவிட்டு வெளியே போய்விடுவாள். அதையும் நஞ்சுண்டன் கவனித்திருந்தார். அம்மாவின் அடக்கத்தைப் பார்க்க மகளுக்குக் கூசுகிறது என்று எண்ணிக்கொண்டார்.

*

சனிக்கிழமை மத்தியானம் வெயில் நன்றாக இருந்தது. அந்த உணவகம், ஒரு சலவைக் கடைக்கும் பல் டாக்டர் கிளினிக்குக்கும் நடுவில் இருந்தது. முதலாளி மாரிசாமி வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வாங்கய்யா, வாங்கம்மா. நம்ம ஊர்க்காரவங்க வர்றாங்கன்னு தம்பி சொன்னாரு. காலையில இருந்து காத்திருக்கேன்."

நஞ்சுண்டன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் போயிருந்தார். பவளம் பட்டுப்புடவையும் கையில் தோல் பையுமாக வந்தாள். பாலசுப்ரமணியன் குனிந்து மாமனார் காலைத் தொட்டான். எழிலரசி மாமியாரிடம் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, மெல்லிய குரலில், "மன்னிச்சிருங்க அத்தை," என்றாள். "சரி, விடு. ஒக்காரு," என்றாள் பவளம். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று நஞ்சுண்டனுக்கு நெஞ்சு விரிந்தது. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட மனதுக்குள் வாக்கியம் கூட்டிவிட்டார்.

வான்மதிக்கு அன்றைக்கு ஆபீஸ் வேலை. மற்ற ஆறு பேரும் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். ஆறு இலை போட்டார்கள். ஐஸ்பெட்டியில் வைத்து வந்த இலை. ஓரம் கறுத்து, தண்ணீர் தெளித்ததும் துவண்டு கிடந்தது.

"எங்க வீட்ல அடுப்பே பத்தவைக்கறது இல்ல மாமா," என்று பாலசுப்ரமணியன் மலேசியப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு உற்சாகமாக ஆரம்பித்தான். "காலையில பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், நல்லா ஆத்துன தே தாரிக் டீ. பத்து மணிக்கு சீனன் கடையில வெள்ளக் காப்பி. மத்தியானம் இந்த மாதிரி வாழையில. சாய்ந்தரம் எங்கயாச்சும் மீ கோரிங், வறுத்த நூடுல்ஸ். ஈப்போல சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்ல லா. கார எடுத்தா எந்தப் பக்கம் திரும்புனாலும் கடைதான்."

"வீட்ல சமைச்சா ஒரு நாத்தம் புடிச்ச வேலை," என்றாள் பவளம். "கடையில போய் ஒக்காந்தா நாலு பேரப் பாத்தாப்பலயும் ஆச்சு."

"அப்ப எங்க எழிலுக்கு அடுப்படி வேலையே இல்லைங்கறீங்க," என்று ஜெயபிரகாஷ் சிரிக்கப் பார்த்தான்.

"அவளுக்கென்ன, மகாராணி," என்றாள் பவளம்.

பரிமாறுகிற ஆள் சோற்றுத் தட்டோடு எழிலரசியிடம் வந்தான். அவள் தன் முன்னாலிருந்த இலையைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டாள். "எனக்கு அப்புறம்," என்றாள்.

"என்ன கண்ணு, பசிக்கலயா?" என்றாள் சாந்தாமணி.

"விடுங்க சம்பந்தி, அவ பழக்கம் அது," என்றாள் பவளம். பரிமாறுகிறவன் ஒன்றும் புரியாமல் அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

நஞ்சுண்டனுக்கு எரிச்சல் வந்தது. இன்றைக்குமா இவள் சாப்பாட்டில் பிகு செய்யவேண்டும்? சபையில் வைத்துத் திட்டக்கூடாது என்று அடக்கிக்கொண்டு, சோற்றில் பருப்பை ஊற்றினார். அவருக்குச் சனிக்கிழமை கறி கிடையாது. பாலசுப்ரமணியன் ஆட்டுக்கறிப் பெரட்டலை இரண்டு தரம் வாங்கிக்கொண்டான். ரசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானத்தைப் பற்றி, சிங்கப்பூரில் மாறுவதைப் பற்றிப் பேசினார்கள்.

எழிலரசி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசுகிறவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. புருஷனின் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு குறையக் குறைய அவள் கண் அதிலேயே இருந்தது. இலை காலியாவதற்குக் காத்துக் கிடக்கும் பார்வையை நஞ்சுண்டன் பந்தி வாசல்களில் பார்த்திருக்கிறார். வெளியே நிற்பவர்களிடம். ஆனால் தன் மகள் முகத்தில் அதைக் கண்டபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

பாலசுப்ரமணியன் விரலை நக்கிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் கை இலையைவிட்டு எடுபட்டதுதான் தாமதம், எழிலரசியின் கை நீண்டது. யாரும் ஏவவில்லை. இலையின் ஓரத்தைப் பிடித்துச் சத்தமில்லாமல் தன்பக்கம் இழுத்தாள். இரண்டு எலும்பை ஒதுக்கினாள். மூலையில் ஒட்டிக்கிடந்த ரசச் சோற்றை வழித்துச் சேர்த்தாள். குனிந்த தலை நிமிராமல், யாராவது பிடுங்கிவிடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல் சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஏய் எழில்! என்ன பண்ற நீ?" என்றான் ஜெயபிரகாஷ்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கை பாதியில் நின்றது. உதட்டில் ஒரு பருக்கை. தான் எங்கே இருக்கிறோம், எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பாலசுப்ரமணியன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம்கூட இல்லை. "உங்க வீட்டு வழக்கம்தான மாமா! கல்யாணமான புதுசுல இவதான் பெருமையா சொன்னா, எங்கம்மா எங்கப்பா இலையிலதான் சாப்புடுவாங்கன்னு. எங்கம்மா கேட்டுட்டு, நல்ல குடும்பத்துப் பழக்கம், அத விடக்கூடாதுன்னுட்டாங்க. ஈப்போல எல்லாக் கடைக்காரனுக்கும் தெரியும். நாங்க நாலு பேர் போய் ஒக்காந்தா மூணு இலதான் போடுவான்."

"கடையிலயா?" என்றாள் சாந்தாமணி. "எல்லாரும் பாக்கவா?"

"அதிலென்ன வெக்கம் சம்பந்தி? நீங்க பண்ணாததா?" என்றாள் பவளம்.

"மிச்சம் இல்லாட்டி?" என்றாள் சாந்தாமணி.

"இல்லாட்டி அன்னிக்கு விரதம் லா," என்று மறுபடி சிரித்தான் மாப்பிள்ளை.

நஞ்சுண்டன் பேச வாயெடுத்தார். என் வீட்டில் நடப்பது வேறு, இது வேறு என்று சொல்லவேண்டும். நான் நல்லதை ஒதுக்கி வைப்பேன் என்று சொல்லவேண்டும். கதவு சாத்திய வீட்டுக்குள் நடப்பது என்று சொல்லவேண்டும். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார், மனைவி தனக்காகச் சொல்லுவாள் என்று. சாந்தாமணி அவரைப் பார்க்கவில்லை. அவருடைய இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் அவர் அதிலும் பாயசத்தில் பாதியை ஒதுக்கி வைத்திருந்தார்.

நல்ல காரியத்தில் சாப்பிட்டு முடித்தால் இலையை மேலிருந்து நம்பக்கமாக மடிக்கவேண்டும். இந்த உறவு மறுபடி வரவேண்டும் என்று அதற்குப் பொருள். இழவு வீட்டில் மட்டும் நம்மிடமிருந்து எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள், இந்தக் காரியம் இந்த வீட்டில் திரும்ப வரக்கூடாது என்று. கோபியிலும் இதுதான், ஈப்போவிலும் இதுதான். நஞ்சுண்டன் தன் இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கினார். எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, உள்ளங்கையால் அழுத்தி மடித்தார். ஓரத்தில் பாயசம் பிதுங்கி மேசையில் வழிந்தது.

"சாப்பாடு முடிஞ்சுது சம்பந்தியம்மா," என்றார். "இந்த உறவும் முடிஞ்சுது. எங்க பொண்ணு வரமாட்டா."

மாரிசாமிதான் முதலில் ஓடிவந்தார். "ஐயா, என்னங்கய்யா இது! யாவாரம் பண்ற எடம். அப்படி மடிக்காதீங்கய்யா." இலையைத் திருப்பி மடிக்கக் கை நீட்டியவரை நஞ்சுண்டன் ஒரு பார்வையில் நிறுத்தினார்.

பவளம் அவசரப்படவில்லை. கையை நாப்கினில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். எழுந்து நின்று புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லதுங்க சம்பந்தி. உங்க வாயால சொன்னீங்க, உங்க கையால மூடுனீங்க. எங்க வீட்டு மருமக செத்துட்டா. பேரனுக்கும் அப்படியே சொல்லிக்கறோம்."

"அம்மா..." என்றான் பாலசுப்ரமணியன்.

"எந்திரிடா."

"அத்தை! அத்தை, நான் வர்றேன். நான் சொல்லல, நான் அப்படிச் சொல்லல அத்தை!" எழிலரசி எச்சில் கையோடு பின்னால் ஓடினாள். வாடகைக் கார் கதவு சாத்தும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

நஞ்சுண்டன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கணத்தில் அவருக்குத் தன்மேல் மதிப்புதான் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் அறுத்துவிட்டேன். இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்வான் என்றுதான் நினைத்தார்.

வெளியே வந்தபோது எழிலரசி வண்டி நிறுத்துமிடத்தில், காலியான கட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"கார்ல ஏறு அம்மிணி. இனி ஒருத்தன் எச்சல் இலையில நீ கை வெக்கவேண்டியதில்ல," என்றார்.

"யாரக் கேட்டு மூடுனீங்க?"

"என்ன?"

"யாரக் கேட்டுப்பா இலைய மூடுனீங்க? அது எனக்குத் தெரியாதா? ஆறு வருசமா சாப்புட்ட எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான வர்றேன்னு சொன்னேன்?" அவள் குரல் உயரவேயில்லை. "எம் பக்கத்துல ஒக்காந்திருப்பான்ப்பா, மகிழன். யாரும் பாக்காதப்ப தன் ரொட்டியில பாதியப் பிச்சு, மேசைக்கு அடியில நீட்டுவான். 'அம்மா, ஆ'ம்பான். அதுல எனக்கு வயிறு நெறைஞ்சிரும். பாட்டி பாத்தா அவனுக்கும் அடி. அப்பவும் குடுப்பான். ஒரு நா கூட முழு ரொட்டி தின்னதில்ல எம் பையன்."

"இத ஏன் அன்னிக்கே எங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

சாந்தாமணி மகளின் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுக் காரில் ஏற்றினாள்.

*

மறுநாள் காலையில் எழிலரசி பெட்டியும் தீயணைப்பு வண்டியுமாகக் கிளம்பினாள். நஞ்சுண்டன் தடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வான்மதிதான் கார் ஓட்டிக்கொண்டு போனாள். அவர்கள் தங்கியிருந்த மோட்டல் அறைக் கதவு சங்கிலி போட்டபடியே சாண் அகலம் திறந்ததாம். "செத்தவங்க வந்து நின்னா கதவத் திறக்கறது இல்ல," என்றாளாம் பவளம். உள்ளே பாலசுப்ரமணியன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது இடுக்கில் தெரிந்ததாம். வண்டியையாவது பையனிடம் கொடுங்கள் என்று எழிலரசி நீட்டியதற்கு, கதவு சாத்திக்கொண்டதாம். திரும்பி வந்து அந்தப் பெட்டியைப் பழையபடி வாசலருகே வைத்தாள். பிறகு யாரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

போன் கார்டுகளைச் சுரண்டிச் சுரண்டி ஈப்போவுக்கு அடித்துப் பார்த்தாள். அவள் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்கள். பிறகு நம்பரே மாறிவிட்டது. ஜெயபிரகாஷ் வக்கீலைப் பார்த்தான். நஞ்சுண்டன் இந்தமுறை கோர்ட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. பையன் அந்த நாட்டுக் குடிமகன், அப்பாவிடம் இருக்கிறான், இங்கிருந்து ஒன்றும் ஆகாது, அங்கே போய் வழக்குப் போட்டாலும் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல்.

வீட்டில் இன்னொன்றும் நடந்தது. சாந்தாமணி இப்போது தட்டைப் பிடுங்க ஓடிவருவதில்லை. அவர் சாப்பிட்டு எழுந்ததும் வான்மதி எடுத்துக்கொண்டு போகிறாள். ஒதுக்கி வைத்த பொரியலும் தயிரும் குழாயடியில் போகின்றன. சாந்தாமணி அலமாரியிலிருந்து தனித் தட்டு எடுத்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம் இருந்தது.

ஒரு நாள் அவராகவே நடந்து மாரிசாமி கடைக்குப் போனார். இரண்டு சிக்னல் தூரம். வெயிலில் வேட்டி கட்டிய ஆள் நடைபாதையில் போவதைக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாளில் யாரிடமும் போய் நின்று ஒன்று கேட்டவர் இல்லை. கல்லாவுக்கு முன்னால் நின்று, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னிக்கு உங்க எடத்துல அப்படி நடந்துக்கிட்டதுக்கு வருத்தப்படறேன்," என்றார்.

"விடுங்கய்யா, ஒக்காருங்க," என்றார் மாரிசாமி. "என்ன வேணும் சொல்லுங்க."

"ஈப்போல உங்களுக்கு மனுசங்க இருக்காங்களா? எங்க பேரன் எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும்."

மாரிசாமியின் தம்பிக்கு ஈப்போ பழைய டவுனில் ரொட்டிக் கடை இருந்தது. குடும்பத்தின் பெயரைச் சொன்னதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊரிலுள்ள எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த குடும்பம்தானே. விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

அடுத்த வாரம் போன் வந்தது. ஜெயபிரகாஷ் காரில் அழைத்துப் போனான். எழிலரசியும் வந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. "நீங்க போய்க் கேட்டுட்டு வாங்கப்பா," என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த மேசையை மறுபடி பார்க்க அவளால் முடியாது என்று அவருக்குப் புரிந்தது.

"முதல்ல சாப்புடுங்கய்யா," என்று மாரிசாமி இலை போட்டார். கொஞ்சம் சோறு, பருப்பு, ஒரு கூட்டு. நஞ்சுண்டன் மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பு இல்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை மாரிசாமி எதிரில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் சாய்ந்தரம் தம்பி கடைக்கு வர்றாங்களாம்," என்றார் பிறகு. "அப்பா, பாட்டி, பையன். பையன் நல்லாத்தான் இருக்கானாம். பேச்சுதான் கொறைஞ்சு போச்சாம். அம்மா சாமிகிட்டப் போயிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

"சாப்புடறானா?"

"சாப்புடறான்." மாரிசாமி தாடையைத் தடவினார். "ரொட்டி வந்ததும் பாதியப் பிச்சு, பக்கத்துல காலி நாற்காலி மேல வெக்கறானாம். தெனமும். செத்தவங்களுக்குப் படைக்கறான்னு நினைச்சுக்கிட்டு பாட்டி விட்டுட்டாங்களாம். சுத்தி இருக்கறவங்ககூட, சின்ன வயசுல இவ்ளோ பக்தியான்னு சொல்றாங்களாம். ஆனா அவன் கும்புடறது இல்லீங்களாம் ஐயா. வெச்சுட்டு, மேசைக்கு அடியில குனிஞ்சு பாப்பானாம்."

நஞ்சுண்டன் எழுந்திருக்க முயன்றார். கை தன்னையறியாமல் இலைமேல் போயிற்று. மேல்பாதியைப் பிடித்தது, விட்டது. கீழ்ப்பாதியைத் தொட்டது, அதையும் விட்டது. சாப்பிட்ட இலையைத் திறந்து போட்டுவிட்டு எழுபவனை அவர் பந்தியில் வைத்துக் கடிந்திருக்கிறார். இன்று அவர் இலையை அப்படியே திறந்து போட்டுவிட்டு எழுந்தார். கும்பிட்டார். வெளியே வந்தார்.

அவர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்ததும் எழிலரசி திரும்பினாள். அவள் கண்ணில் மறுபடியும் அந்தப் பார்வை. இப்போது அவருக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

"பாத்தாங்களாமா?"

"பாத்தாங்களாம். நல்லா இருக்கானாம்."

"சாப்புட்டானாமா?"

"சாப்புட்டானாம்."

"என்ன சாப்புட்டானாம்?"

"ரொட்டி."

ஜெயபிரகாஷ் காரை நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்கு எடுத்து ரோட்டில் ஏற்றினான்.

"முழுசாவாப்பா?" என்றாள்.

நஞ்சுண்டன் தன் சர்வீஸில் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டவர் இல்லை. பெற்ற பிள்ளைகளிடம் ஒரு பொய் சொன்னவர் இல்லை. அவர் முதுகு சீட்டில் சாயாமல் நிமிர்ந்தே இருந்தது.

"முழுசா," என்றார்.

எழிலரசி தலையை ஆட்டிக்கொண்டாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில், "அப்ப மறந்துட்டான்," என்றாள்.

வீடு வந்தது. கதவைத் திறந்து உள்ளே போனவள், வாசலருகே இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் வைத்துச் சாத்தினாள்.